கடைமடையின் சேதி

சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேலே ஒரு குளம் தெரியும். தாமரை பூத்த குளம். மீன்கள் துள்ளுகின்றன, அன்னங்கள் நீந்துகின்றன, யானையும் எருமையும் இறங்கி நிற்கின்றன, நடுவே மனிதர்கள் பூப்பறிக்கிறார்கள். சமண மரபு சொல்லும், தீர்த்தங்கரர் அறமுரைக்கும் அவையான சமவசரணத்தின் பொய்கை அது. ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் என்ற பாண்டியன் ஆண்ட 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. பாறைக்குள் குடைந்த அந்தச் சின்ன அறையில் சித்திரை மாத நண்பகலிலும் ஒரு தண்மை இருக்கும். வெளியே வந்து ஏழடிப்பட்டம் ஏறி, சமணர் படுக்கைகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பாறை உள்ளங்காலைப் பொரித்துவிடும்.

அடிவாரத்துக்கு வந்ததும் கால்கள் தாமாகவே கடையைத் தேடும். கடைக்காரர் ஃப்ரிட்ஜைத் திறந்து வியர்த்த பாட்டிலை எடுத்து நீட்டுவார். வெளியே 40 டிகிரி வெயில். ஃப்ரிட்ஜின் உறைபெட்டிக்குள்ளோ பூஜ்யத்துக்கும் கீழே. இரண்டுக்கும் நடுவே சில விரற்கடை கனமுள்ள ஒரு சுவர் மட்டும். அந்தக் குளிர் எங்கே பிறக்கிறது என்று கேட்டால் பலரும் பின்னால் உறுமிக்கொண்டிருக்கும் கம்ப்ரஸரைக் காட்டுவார்கள். கம்ப்ரஸரைத் தொட்டால் சுடும். குளிர் பிறப்பது வேறோர் இடத்தில்: தையல் ஊசி நுழையும் அளவே உள்ள ஒரு துளையைத் தாண்டிய மறுகணத்தில். அந்தத் துளையைத்தான் எக்ஸ்பான்ஷன் வால்வு என்கிறார்கள். அதன் வேலையைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போகவேண்டாம். இந்தச் சீமையின் கண்மாய்க் கரைக்குப் போனால் போதும்.

கண்மாய்க்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள்

சித்தன்னவாசல் இருக்கும் புதுக்கோட்டை வற்றாத ஆறு இல்லாத மண். பெய்த மழையைத் தேக்கி வைத்துத்தான் இங்கே வெள்ளாமை. அதனால்தான் மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் கண்மாய்களும் ஏரிகளும். பழைய கண்மாய்கள் பலவற்றில், கரையிலிருந்து தள்ளி நீருக்குள்ளேயே இரண்டு கல்தூண்கள் குறுக்குச் சட்டங்களோடு நிற்பதைப் பார்க்கலாம். தூரத்திலிருந்து பார்ப்பவர் ஊஞ்சல் கால் என்று நினைக்கக்கூடும். அதுதான் குமிழி. குமிழித் தூம்பு என்றும் சொல்வார்கள். அதைச் செய்து கொடுத்தவர் பெயரைத் தூணிலேயே வெட்டி வைத்த கல்வெட்டுகள் இந்த மாவட்டத்தில் உண்டு.

தூண்களின் அடியில், கண்மாயின் தரைமட்டத்தில், ஒரு கல்பெட்டி. அதன் மேல்பலகையில் ஒரு துளை, நீரோடித் துளை. அந்தத் துளையை ஓர் அடைப்பான் மூடியிருக்கும். அடைப்பானோடு இணைந்த கழி குறுக்குச் சட்டங்களின் ஓட்டை வழியாக மேலே வரும். தண்ணீர் திறக்கும் பொறுப்பில் இருப்பவர் நீந்திப்போய்க் கழியைத் தூக்குவார். தூக்கிய அளவுக்கு நீர் பெட்டிக்குள் இறங்கி, கரைக்கு அடியில் போகும் கால்வழியாக வயலுக்குப் போகும். பெட்டியின் அடிப்பக்கத்தில் உள்ள சேறோடித் துளைகள் வழியே வண்டலும் கூடவே வெளியேறும்.

துளையை ஏன் இவ்வளவு சிறிதாக வைத்தார்கள்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கண்மாயில் 3 மீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால், அடித்தளத்தில் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் ஏறக்குறைய 3 டன் எடை அழுத்துகிறது. 20 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் துளையின் அடைப்பான்மேல் மட்டும் 90 கிலோவுக்கு மேல் பாரம். துளையை இரு மடங்கு அகலமாக்கினால் பாரம் நான்கு மடங்காகும். தனி ஒருவர் அதைத் தூக்குவது அரிது. ஒரு பக்கம் பேரழுத்தம், மறுபக்கம் ஏறக்குறைய அழுத்தமே இல்லாத வாய்க்கால், நடுவே மனிதர் கைக்கு அடங்கும் ஒரு சிறுதுளை. ஃப்ரிட்ஜுக்குள் இருப்பதும் இதே ஏற்பாடுதான். கண்மாய் நீருக்குப் பதிலாக அங்கே ஓடுவது, மெக்கானிக்குகள் ‘கேஸ்’ என்று அழைக்கும் குளிர்பதனப் பொருள்.

குக்கர் சொல்லும் பாடம்

கண்மாய் மடையைத் தாண்டிய தண்ணீர் குளிர்ந்துவிடுவதில்லை. அப்படியானால் ஃப்ரிட்ஜின் மடையைத் தாண்டியது மட்டும் எப்படிக் குளிர்கிறது? விடை அடுப்படியில் இருக்கிறது.

நீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். அது கடல்மட்டத்துக் கணக்கு. காற்றழுத்தம் குறைந்த ஊட்டியில் 93 டிகிரியை நெருங்கும்போதே கொதித்துவிடும். பிரஷர் குக்கருக்குள் நேர்மாறு: மூடியின்மேல் உட்காரும் வெயிட் நீராவியைப் பிடித்து வைப்பதால் அழுத்தம் இரு மடங்காகி, 120 டிகிரி வரை நீர் கொதிக்காமல் திரவமாகவே இருக்கிறது. ஆக, கொதிநிலை என்பது அழுத்தத்தின் கையில் இருக்கிறது. அழுத்தம் ஏறினால் அதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும்.

இப்போது, செய்து பார்க்கக் கூடாத ஒரு சோதனையை மனத்துக்குள் செய்து பார்ப்போம். 120 டிகிரியில் இருக்கும் குக்கரின் வெயிட்டைச் சட்டென்று தூக்கிவிட்டால் என்ன ஆகும்? அழுத்தம் சரிகிறது. 100 டிகிரிக்கு மேல் திரவமாக இருக்க நீருக்கு இனி உரிமை இல்லை. அதனால் நூற்றில் ஏறக்குறைய 4 பங்கு நீர் அப்படியே ஆவியாகச் சீறிப் பாய்கிறது. ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். அடுப்பிலிருந்து எடுக்க நேரமில்லை, கூட இருக்கும் நீரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. மிஞ்சிய நீர் ஒரு கணத்தில் 20 டிகிரி தணிந்துவிடுகிறது. கொதித்ததால் குளிர்ந்தது! மண்பானையின் நுண்துளைகளில் கசிந்து ஆவியாகும் நீர் பானைத் தண்ணீரைத் தணிப்பதும் இதே விதிப்படிதான். பானையில் மெல்ல நடப்பது இங்கே நொடிக்குள் நடக்கிறது.

நீருக்குப் பதிலாக, வெறும் காற்றழுத்தத்திலேயே மைனஸ் 26 டிகிரியில் கொதித்துவிடும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜுகளில் பல ஆண்டுகள் பயன்பட்ட ஆர்-134ஏ அப்படிப்பட்டது. கம்ப்ரஸர் இதன் ஆவியை அமுக்குகிறது. சூடான ஆவி ஃப்ரிட்ஜின் முதுகிலுள்ள கம்பிச் சுருளான கண்டென்சரில் வெளிக்காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. 40 டிகிரியில் அது திரவமாக நிற்க, காற்றழுத்தத்தைப்போல் ஏறக்குறைய 10 மடங்கு அழுத்தம் தேவை. அந்தத் திரவம் சிறுதுளையை வந்தடைகிறது. துளைக்கு அந்தப் பக்கம் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடச் சற்றே அதிகம், சுமார் 1.3 மடங்கு. தாண்டிய கணத்தில் ஐந்தில் இரண்டு பங்கு திரவம் ஆவியாகிவிட, மிச்சம் மைனஸ் 20 டிகிரிக்கு விழுகிறது. 60 டிகிரி வீழ்ச்சி, கண் இமைப்பதற்குள்! இப்படிக் குளிர்ந்த திரவம் உறைபெட்டியைச் சுற்றிய குழாய்களில் கொதித்துக்கொண்டே போகிறது. கொதிக்கத் தேவையான வெப்பத்தை நம் பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் உருவிக்கொள்கிறது. பிறகு ஆவியாகக் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. மீண்டும் அதே சுற்று.

கல்யாண வீட்டுச் சமையலில் பெரிய அடுப்புகளை ஒரே நேரத்தில் பற்றவைத்தால் கேஸ் சிலிண்டரின் வெளிப்புறம் வியர்த்து வழிவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே திரவமாக இருக்கும் எரிவாயு வேகமாக ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தையே எடுத்துக்கொள்கிறது. இன்றைய புது ஃப்ரிட்ஜுகளில் ஓடும் ஐசோபியூட்டேன் அந்தச் சமையல் எரிவாயுவின் சொந்தக்காரன்தான். வீட்டு ஃப்ரிட்ஜ் ஒன்றுக்குச் சில பத்துக் கிராம் போதும்.

அசையாத மடை

வீட்டு ஃப்ரிட்ஜில் இந்த மடை மிக எளியது. கேபிலரி டியூப் என்ற செப்புக் குழாய். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரைத் தொடாது, நீளம் சில மீட்டர். அசையும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. நீளமும் குறுகலும் கொடுக்கும் தடையே அழுத்தத்தை இறக்குகிறது. கம்ப்ரஸர் நின்றதும் ஃப்ரிட்ஜுக்குள்ளிருந்து சலசலவென்று ஓடை ஓடுவதுபோல் ஓர் ஓசை கேட்குமே, அது மேலழுத்தப் பக்கத்துத் திரவம் இந்தக் குழாய் வழியே கீழழுத்தப் பக்கத்துக்கு வடியும் சத்தம். சில நிமிடங்களில் இரு பக்கமும் சமமாகிவிடும். அதற்குமுன் மின்சாரம் போய்த் திரும்பினால் மோட்டார் முழு அழுத்தத்தையும் எதிர்த்துப் புறப்படத் திணறும். ஸ்டெபிலைசரில் மூன்று நிமிடத் தாமதம் வைத்திருப்பது இதற்காகத்தான். அந்தச் சின்ன விளக்கு கண்ணடித்துக் காத்திருக்கும்போது, மடை வடிந்து முடியட்டும் என்றுதான் காத்திருக்கிறது.

இந்த மடைக்குப் பெரிய எதிரி ஈரம். பழுது பார்க்கும்போது குழாய்க்குள் ஒரு துளி நீர் தங்கிவிட்டால், குழாய் முடியும் குளிர்ந்த வாயில் அது பனிக்கட்டியாகி அடைத்துவிடும். ஓட்டம் நின்றதும் குளிர் குறையும். குளிர் குறைந்ததும் பனி உருகும். உருகியதும் ஓட்டம் தொடங்கி, மீண்டும் அடைக்கும். ஃப்ரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்து, நின்று, மறுபடி குளிரும் விநோதத்துக்கு இதுவும் ஒரு காரணம். கேபிலரிக்கு முன்னால் ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டரைப் பொருத்துவதும், கேஸ் ஏற்றும்முன் குழாய்களை வெற்றிடமாக்குவதும் இதற்காகத்தான்.

கடைமடையிலிருந்து தலைமடைக்கு

கேபிலரியால் முடியாத ஒன்று உண்டு: நிலைமைக்கு ஏற்ப மாறிக்கொள்வது. சித்திரையில் கண்டென்சர் 50 டிகிரிக்கு ஏறி, மேலழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் 13 மடங்காகும். மார்கழியில் வெகுவாக இறங்கும். சாமான்கள் நிரம்பிய குளிர்அறைக்கு நிறையத் திரவம் தேவை, காலியான அறைக்குக் கொஞ்சம் போதும். பால் குளிர்விக்கும் நிலையங்களிலும் பெரிய ஏசிகளிலும் திறப்பைக் கூட்டிக் குறைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் தெர்மோஸ்டாட்டிக் எக்ஸ்பான்ஷன் வால்வு. மனிதர் கற்பனையின் அழகான சிறுகருவிகளில் ஒன்று.

பாசனத்தில் கடைமடைக்காரர் பாடு நமக்குத் தெரியும். தலைமடையில் குறைத்துத் திறந்தால் கடைசி வயல் காய்கிறது. அளவுக்கு மீறித் திறந்தால் கடைசி வயலையும் தாண்டி நீர் வீணாக ஓடுகிறது. எவ்வளவு திறப்பது என்பதைத் தலைமடையில் நின்று பார்த்து முடிவு செய்ய முடியாது. சேதி கடைமடையிலிருந்துதான் வரவேண்டும்.

குளிர்ச் சுருளுக்குள்ளும் இதே பிரச்சினை. திரவம் போதாமல் போனால் சுருளின் பாதியிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும்; மீதிச் சுருள் தரிசாகக் கிடக்கும். அதிகமானால் கொதிக்காத திரவம் கம்ப்ரஸர் வரை போய்விடும். ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. உள்ளே போன திரவம் கம்ப்ரஸரையே உடைத்துவிடும். கடைசித் துளி சுருளின் கடைக்கோடிக்குச் சற்று முன்னால் ஆவியாகி முடியவேண்டும். அந்தப் புள்ளியில் முடிகிறதா என்று எப்படி அறிவது?

கொதிக்கும் திரவம் கொஞ்சமாவது இருக்கும்வரை சுருளின் வெப்பநிலை ஏறாது. கடைசித் துளி தீர்ந்தபிறகுதான் ஆவி சூடாகத் தொடங்கும். கொதிநிலைக்கு மேல் ஐந்தாறு டிகிரி சூடேறிய ஆவி வந்தால் எல்லாம் சரி. அதற்கு மேல் சூடானால் கடைமடை காய்கிறது. சூடே இல்லையென்றால் நீர் தாண்டி ஓடுகிறது. இந்தச் சேதியைப் பிடிக்கச் சுருளின் வெளிவாயிலில் ஒரு சிறிய செப்புக் குமிழைக் கட்டி வைக்கிறார்கள். குமிழுக்குள்ளும் குளிர்பதனப் பொருள் அடைத்திருக்கிறது. குழாய் சூடானால் குமிழுக்குள் அழுத்தம் ஏறும். மயிரிழை போன்ற குழாய் வழியே அந்த அழுத்தம் தலைமடைக்கு வந்து ஒரு மெல்லிய தகட்டை அழுத்த, தகடு ஊசியைத் தள்ள, துளை அகலும். எதிர்ப்பக்கத்தில் சுருளின் அழுத்தமும் ஒரு சுருள்வில்லும் சேர்ந்து ஊசியை மூடப் பார்க்கும். திறக்கச் சொல்லும் ஒரு விசை, மூடச் சொல்லும் இரு விசைகள்: இந்த இழுபறியில் ஊசி தனக்குரிய இடத்தைத் தானே கண்டுகொள்கிறது. மின்சாரம் இல்லை, கணினி இல்லை. கடைமடையின் சேதி மட்டும் இருக்கிறது. நம் முன்னோர் மடைக்குக் குமிழி என்று பேர் வைத்தார்கள். இந்தக் கருவியிலும் மடையைத் திறப்பது ஒரு குமிழ்தான்.

1933-இல் டென்மார்க்கின் நோர்ட்போர்க்கில், பெற்றோரின் பண்ணைவீட்டு மாடியறையில் உட்கார்ந்து மாட்ஸ் கிளவுசன் என்ற இளம் பொறியாளர் இத்தகைய வால்வுகளைச் செய்யத் தொடங்கினார். அந்த மாடியறைதான் டான்ஃபாஸ் என்ற உலக நிறுவனமாக வளர்ந்தது. இன்று சென்னையை அடுத்த ஓரகடத்திலும் அதற்குத் தொழிற்சாலை இருக்கிறது. இன்றைய இன்வெர்ட்டர் ஏசிகளில் குமிழின் இடத்தைச் சென்சார்களும் ஊசியை நகர்த்தும் சின்ன மோட்டாரும் எடுத்துக்கொண்டுவிட்டன. மூடியதிலிருந்து முழுதும் திறப்பதுவரை ஏறக்குறைய 500 படிகள். ஒவ்வொரு படியாக ஏறி இறங்கும் துல்லியம். ஆனால் அவை கேட்பதும் பழைய கேள்வியைத்தான்: கடைமடைக்கு எட்டியதா?

கப்பலில் வந்த பனியும் கரையில் செய்த பனியும்

இந்தச் சிறுதுளை இங்கே வருமுன் தமிழர்க்குப் பனிக்கட்டி கடல்கடந்து வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் வெட்டியெடுத்த பனிப்பாளங்களை ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பினார். அவற்றைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் எழுந்ததுதான் ஐஸ் ஹவுஸ். 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம். ஐஸ் ஹவுஸ் எழுவதற்கு முன்பே, 1834-இல், லண்டனில் ஜேக்கப் பெர்கின்ஸ் ஈதரை ஆவியாக்கிக் குளிரூட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். அந்த முதல் வரைபடத்திலேயே, திரவம் ஆவியாகும் கலத்துக்குள் நுழையும் வழியில், எடை வைத்த ஒரு வால்வு காவலுக்கு இருந்தது. 1874-இல் சென்னையிலேயே பனிக்கட்டி செய்யும் இண்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி தொடங்கியது. கப்பல் பனியின் காலம் மெல்ல முடிந்தது.

சித்தன்னவாசலிலிருந்து தென்கிழக்கே கடற்கரைக்குப் போனால், ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கடலுக்குப் புறப்படும் விசைப்படகில் முதலில் ஏறுவது ஐஸ். பிடித்த மீன் கரை சேரும்வரை கெடாமலிருக்க அதுதான் துணை. பெரிய ஐஸ் பார்களைச் செய்யும் கம்பெனிகளில் பொதுவாக அம்மோனியாவே ஓடும். ஆர்-134ஏ ஒரு கிலோ ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பத்தைப்போல் ஆறு மடங்கை ஒரு கிலோ அம்மோனியா உறிஞ்சும். உப்புநீர்த் தொட்டியில் ஓடும் அதன் குழாய்கள் தொட்டியைப் பூஜ்யத்துக்கு வெகு கீழே இறக்க, அதற்குள் இறக்கிய தகரக் கேன்களில் நல்ல தண்ணீர் பல மணி நேரத்தில் கட்டியாகிறது. பழைய ஆலைகளில் இந்த மடையைக் கையால் திருகித்தான் திறப்பார்கள். ஆபரேட்டர் குழாயின் ஓசையைக் கேட்டு, பனி படர்ந்திருக்கும் நீளத்தைப் பார்த்து, அழுத்தமானியில் கண் வைத்து, கால் திருகு கூட்டுவார், குறைப்பார். குமிழிக் கழியைத் தூக்கியவரின் நேர் வாரிசு அவர்.

அங்கே இன்னொரு வால்வும் உண்டு. அழுத்தம் எல்லை மீறினால் தானாகத் திறந்து வாயுவை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வு. கண்மாய் நிறைந்து கரையை உடைக்குமுன் உபரிநீரைக் கடத்திவிடும் கலிங்கு என்ன செய்கிறதோ அதையே இது செய்கிறது. தேக்கத் தெரிந்தவர்கள் கலிங்கு கட்டவும் தெரிந்திருந்தார்கள். அழுத்தத்தைக் கையாளும் எந்தத் தொழிலுக்கும் இதுவே முதல் பாடம்.

ஒழுகும் மடை

‘கேஸ் குறைஞ்சு போச்சு, ஏத்திடலாம்’ என்று கேட்காத வீடு இருக்காது. ஃப்ரிட்ஜிலும் ஏசியிலும் கேஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. மூடிய குழாய்க்குள் ஒரே பொருள் ஆண்டாண்டுக் காலமாகச் சுற்றி வருகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகியிருக்கிறது. ஒழுக்கை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது, உடைந்த மடையைச் சரிசெய்யாமல் கண்மாயை நிரப்புவதற்குச் சமம். காற்றில் கலக்கும் ஒரு கிலோ ஆர்-134ஏ, நூறாண்டுக் கணக்கில் சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்கு இணையாகப் பூமியைச் சூடாக்கும். இத்தகைய வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டதும், 2021-இல் இந்தியா அதை ஏற்றதும் இந்தக் காரணத்தால்தான். நம் அறையைக் குளிர்விக்க ஊரைச் சூடாக்கும் கணக்கு யாருக்கும் கட்டுப்படியாகாது.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தைகளின் தடுப்பூசி 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவே காக்கப்படுகிறது. கறந்த சூட்டோடு வரும் பால் 4 டிகிரிக்கு இறக்கப்பட்டு நகரத்துக்குப் போகிறது. மீனவரின் ஒரு நாள் உழைப்பு ஐஸ் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. இத்தனைக்கும் பின்னால் பெருமோட்டார்கள் உழைக்கின்றன. ஆனால் எங்கே, எவ்வளவு என்று அளந்து கொடுப்பது ஒரு சிறுதுளைதான். வலிமை மட்டும் இருந்து அளவு தெரியாவிட்டால் வயலும் பாழ், கம்ப்ரஸரும் பாழ்.

அடுத்தமுறை மெக்கானிக் வீட்டுக்கு வரும்போது, கேஸ் ஏற்றும்முன் ஒழுக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடுத்தமுறை சித்தன்னவாசல் போகும்போது, விதானத்துக் குளத்தைப் பார்த்த கண்ணோடு வழியிலுள்ள கண்மாய்களையும் பாருங்கள். அங்கே குமிழித் தூண்கள் நின்றால், அவை சாயாமலும் பெயர்க்கப்படாமலும் இருக்க ஊராரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். அழுத்தத்தை அடக்கி அளந்து கொடுக்கும் அறிவை இந்த மண் கல்லில் எழுதி வைத்திருக்கிறது. அதைக் காப்பது நம் கடமை.